லவோன் மசார் வீட்டில் மணியடித்த மாநிலம்

அந்த ஆண்டு ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் ஜனாதிபதி தேர்தல் கருத்துக்கணிப்புக்காக யார் எந்த எண்ணுக்குப் போன் போட்டாலும், மணி அடித்தது ஒரே வீட்டில்தான். செயின்ட் ரெமியில் மாட்டுத்தீவனக் கிடங்குக்கு எதிர் வீடு. லவோன் மசாரின் சமையலறைச் சுவரில், மாவு டப்பாவுக்கு மேலே தொங்கிய பச்சை நிறத் தொலைபேசி. மில்வாக்கியில் உட்கார்ந்துகொண்டு லா கிராஸில் ஒருவரைக் கூப்பிட்டாலும் இங்கேதான் அடித்தது, மேடிசனிலிருந்து வடகோடி ஏரிக்கரையில் ஒருவரைக் கூப்பிட்டாலும் இங்கேதான். மற்ற அழைப்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கைக்குப் போட்டது தங்கைக்கே போனது, பல் டாக்டருக்குப் போட்டது பல் டாக்டருக்கே போனது. கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட அழைப்புகள் மட்டும் இந்த வீட்டைத் தேடி வந்தன. தொலைபேசி நிறுவனத்தின் ஆள் இரண்டு தடவை வந்து கம்பத்தில் ஏறி இறங்கினார். இரண்டு தடவையும் லவோன் சுட்ட அப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதே வாரம் பால் விலை கொஞ்சம் இறங்கியிருந்ததால் ஊரில் பேச்சு அதைப் பற்றித்தான் அதிகம் இருந்தது.

லவோனும் அவள் கணவன் நார்பர்ட்டும் என்னோடு பள்ளியில் படித்தவர்கள். அதனால் அவன், அவள் என்றே எழுதுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு அப்போது அறுபத்தேழு வயது. மாடுகளை விற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய கல்யாண விருந்து ஊருக்கே நினைவிருக்கும். அவள் அப்பா ஜனநாயகக் கட்சியின் கழுதைச் சின்னத்துக்காரர், அவன் அப்பா குடியரசுக் கட்சியின் யானைச் சின்னத்துக்காரர். முதல் சுற்றுச் சாராயத்திலேயே இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, உலர்ந்த பிளம் பழமும் மேலே பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அப்பங்கள் பன்னிரண்டையும் மேசையோடு கவிழ்த்துவிட்டார்கள். சட்டையில் பிளம் கறையோடு நின்ற மாப்பிள்ளையும் வெள்ளை உடுப்பில் நின்ற பெண்ணும் அன்றைக்கே ஒரு முடிவு செய்துகொண்டார்கள். யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சாகும்வரை சொல்வதில்லை, கேட்பதுமில்லை. மற்றதெல்லாம் பேசலாம். ஓட்டுச்சாவடித் திரைக்கு உள்ளே இருப்பது மட்டும் அவரவர் சொத்து. நாற்பத்து மூன்று வருடம் அப்படியே நடந்தது. அந்த வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்தச் சண்டை மட்டும் வந்ததே இல்லை.

முதல் அழைப்பு மில்வாக்கியில் இருந்த ஒரு கருத்துக்கணிப்பு நிலையத்திலிருந்து வந்தது. பேசியவள் டமிக்கா பிராட்னாக்ஸ் என்ற பெண், அந்த வேலையில் ஒன்பது வருடப் பழக்கம். "இப்ப வீட்டுல இருக்கறவங்கள்ல, பதினெட்டு வயசு தாண்டினவங்கள்ல, அடுத்ததா யாருக்குப் பொறந்தநாள் வருதோ அவங்ககிட்ட பேசலாமாங்க?" என்று கேட்டாள். அந்தத் தொழிலில் அது சட்டம் மாதிரி. போனை எடுத்தவரிடமே பேசினால், எடுக்கிற பழக்கம் உள்ளவர்களின் கருத்து மட்டும்தான் கிடைக்குமாம். லவோன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுடைய பிறந்தநாள் அக்டோபர் பன்னிரண்டு, நார்பர்ட்டுக்கு மார்ச் மாதம். "அப்ப நான்தான்" என்றாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் விட்டுப் போனை வைக்கத் தெரியாது. வாசலில் நிற்பவர் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி அது. "உங்க வயசு சொல்லலாமாங்க?" என்று டமிக்கா கேட்டாள். "முப்பத்தொண்ணு" என்றாள் லவோன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நார்பர்ட்டின் கை நின்றுவிட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. சொன்ன நிமிடத்தில் அவளுக்கு முப்பத்தொரு வயதுதான். அவள் லா கிராஸில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் ஆண்பிள்ளை, இடது முழங்காலில் வலி, வாயில் மெல்லுகிற புதினா சூயிங்கம். நாட்டின் நிலைமை தவறான திசையில் போகிறதா என்று கேட்டபோது அந்த முழங்காலை நினைத்துக்கொண்டு "தப்பாத்தான் போகுது" என்றாள். யாருக்கு ஓட்டு என்றபோது ஒரு வேட்பாளரின் பெயரைத் தயங்காமல் சொன்னாள். போனை வைத்ததும் அந்த ஆள் போய்விட்டான். புதினா வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. ஐந்து நிமிடத்தில் மறுபடி மணி அடித்தது. இப்போது அவள் ஓ கிளேரில் ஐம்பத்திரண்டு வயது நர்ஸ், அடுத்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடுகிறவள். அதற்கு அடுத்தது கெனோஷாவில் கல்லூரி மாணவி. நார்பர்ட் முதலில் மனைவி கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான். நான்காவது அழைப்பில் அவள், லாவோஸிலிருந்து வந்து குடியேறியவர்கள் பேசும் ஹ்மோங் மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தபோது, வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

ஒரு நாளைக்கு ஐம்பது அழைப்பு. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. ஒரு கணிப்புக்கு முந்நூறு பேராவது வேண்டும், அப்படி ஏழெட்டு நிலையங்கள். விவசாயிகளும் வாத்தியார்களும், பீர் ஆலைக்காரர்களும் பாதிரியார்களும், வேலை போனவர்களும் வேலையே பார்க்காதவர்களும், இன்னும் முடிவு செய்யாதவர்களும் அவள் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். முடிவு செய்யாதவர்கள் வந்தால்தான் கஷ்டம் என்று அவள் ஒருமுறை என் மனைவியிடம் சொன்னாள். மற்றவர்கள் போனதும் போய்விடுவார்களாம். இவர்கள் போகலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்பார்களாம்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் டமிக்காதான். வடகோடியில் ஒரு மீனவனோடும் தென்கோடியில் ஒரு வக்கீலோடும் பேசும்போது, பின்னணியில் ஒரே கம்பிவலைக் கதவு ஒரே மாதிரி அடித்துக்கொண்டது, ஒரே மனிதன் ஒரே மாதிரி இருமினான். மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில நர்ஸா பேசினது நீங்கதானே?" கேள்விகள் முடிந்து அந்த வக்கீல் போயிருந்த சமயம். லவோன், "ஆமாம்மா, என்னன்னே புரியல. நீ சாப்பிட்டியா?" என்றாள். டமிக்கா ஓடிப்போய்த் தன் இயக்குநர் டாக்டர் ஹாலிஸ் ஃபெராண்டிடம் சொன்னாள். அவர் புள்ளியியலில் பெரிய படிப்புப் படித்தவர். முப்பது வருடமாக அவருக்கு ஒரே கவலை. பத்துப் பேரைக் கூப்பிட்டால் எட்டுப் பேர் போனை வைத்துவிடுவார்கள். இந்த மூன்று நாளில் ஒருவர்கூட வைக்கவில்லை. நூற்றுக்கு நூறு பதில். அந்தத் தாளை அவர் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எல்லாரும் ஒரே அம்மாவா இருந்தா என்ன? வயசு, படிப்பு, ஊரு எல்லாம் மாநிலத்தோட கணக்குக்குச் சரியா பொருந்துது. இதுல கை வச்சுக் கெடுத்துடாத, டமிக்கா" என்றார். மற்ற நிலையங்களிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் காதும் காதும் வைத்தாற்போல் இருந்துவிட்டார்கள்.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? செப்டம்பரில் அறுவடைத் திருவிழாவுக்குள் செய்தி பரவி, இரண்டு கட்சிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இந்த ஒரு அம்மாவின் மனதை மாற்றினால் மாநிலமே மாறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. யானைக்காரர்கள் பூச்செண்டு கொண்டுவந்தார்கள், கழுதைக்காரர்கள் அதைவிடப் பெரிய பூச்செண்டு கொண்டுவந்தார்கள். லவோன் இருவருக்கும் காபி கொடுத்தாள், இருவர் சொன்னதற்கும் தலையாட்டினாள். அவர்கள் போனதும் மணி அடித்தது, அவள் ரசீனைச் சேர்ந்த ஒரு வெல்டராகி, இருவரில் யாரும் வேண்டாம், ஓட்டே போடப் போவதில்லை என்றாள். பூச்செண்டு கொண்டுவந்தவர்கள் மறுநாள் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மதுக்கடை ஆர்வில் விர்லீ தெருவில் நார்பர்ட்டைப் பார்த்து, "என்னய்யா, இன்னிக்கு உன் பொண்டாட்டிக்கு மீசை இருக்கா?" என்று கேட்டான். நார்பர்ட் சாதாரணமாகக் கோபப்படுகிறவன் இல்லை. அன்றைக்கு வந்த வழியே திரும்பிப் போனான், ஊரே கூடுகிற வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கும் அந்த வாரம் வரவில்லை. ஆர்வில் அதற்காகப் பிறகு வெகுநாள் வருத்தப்பட்டான்.

ஏனென்றால் வீட்டுக்குள் நிலைமை நன்றாக இல்லை. வந்தவர்கள் முழுதாகப் போகவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனார்கள். லவோன் கொல்லைக்கதவைத் திறந்து, அவர்களிடம் எப்போதுமே இருந்திராத ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு மகன் வெளிநாட்டில் படையில் இருப்பதாக நினைத்து ஒரு முழுக் காலையும் அழுதாள். அவர்களுக்குப் பிள்ளைகளே இல்லை. காபியில் சர்க்கரை போடலாமா என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள். நாற்பத்து மூன்று வருடமாக இரண்டு கரண்டி போட்டவள். இடையில் பத்து நிமிடம் போன் ஓய்ந்தால், நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று நார்பர்ட் ஒருநாள் கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டான். மறுநிமிடம் அது கம்பி இல்லாமலே அடித்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் மறுபடி மாட்டிவிட்டான்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மதியம் லவோன் அவனிடம் வந்து, "நார்ப், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. நான் யாருக்கு ஓட்டு போடறவ?" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. உலகத்தில் அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான். அவளுடைய செருப்பு அளவு தெரியும், எந்தப் பாட்டுக்கு அழுவாள் என்று தெரியும், தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியும். இதை மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருவரும் சேர்ந்து பூட்டிவைத்திருந்தார்கள், இப்போது சாவியை அவள் தொலைத்துவிட்டாள். "எனக்குத் தெரியாதே லவோன்" என்றான். "உனக்கும் தெரியாதா?" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப நான் யாருன்னு யாருக்குத்தான் தெரியும்?" என்றாள். பசுக்களை ஏற்றிக்கொண்டு லாரி போன அன்றுகூட அவன் அவ்வளவு பயப்படவில்லை. மனைவி தன் கண் முன்னாலேயே, ஒரு நாளைக்கு ஐம்பது பங்காக, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள்.

அவன் போன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கேள்விகளை மட்டும் கவனமாகக் கேட்க ஆரம்பித்தான். மூன்றாம் நாள் அவனுக்கு விடிந்தது. ஒவ்வொரு அழைப்பும் அந்தப் பிறந்தநாள் கேள்வியோடுதான் தொடங்கியது. பன்னிரண்டாம் தேதி லவோனின் பிறந்தநாள் வந்து போய்விட்டால், அடுத்த பிறந்தநாள் அவனுடையது. பன்னிரண்டாம் தேதி கேக் வெட்டினார்கள். அன்று முழுக்கக்கூட அவள்தான் பேசினாள். பதின்மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் நார்பர்ட் எடுத்தான். "அடுத்த பொறந்தநாள் எனக்குத்தான். சொல்லுங்க" என்றான். அழைத்தவர் வயதைக் கேட்டார். நார்பர்ட்டின் நாக்கில் யாரோ ஒருவன் ஏற முயன்றதை அவன் நன்றாக உணர்ந்தானாம், வாயில் புகையிலைச் சுவைகூடத் தட்டியதாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "அது உங்களுக்கு வேண்டாத விஷயம்" என்று சொல்லிப் போனை வைத்தான். எங்கள் ஊரில் ஒரு மனிதன் பேசிக்கொண்டிருப்பவரைப் பாதியில் விட்டுப் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு நகரவில்லை. கேள்வி 'இப்போது வீட்டில் இருக்கிறவர்கள்' என்றுதான் தொடங்கியது. அவன் வாசல் தாண்டினால் அடுத்த அழைப்பு அவளுக்குப் போய்விடும். பந்து உருட்டும் குழுவுக்குப் போகவில்லை, மான் வேட்டைக்கு மரத்தில் பரண் கட்டப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகவில்லை. பாதிரியார் வீட்டுக்கே வந்து, பூசையில் தருகிற நற்கருணை அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நார்பர்ட் "வேண்டாத விஷயம்" என்றான். ஒரு வாரத்தில் விஸ்கான்சின் மாநிலமே பதில் சொல்ல மறுத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. தொலைக்காட்சி வரைபடத்தில் மற்ற மாநிலங்கள் சிவப்பும் நீலமுமாக இருக்க, நாங்கள் மட்டும் சாம்பல் நிறமானோம். யார் முன்னிலை என்று தெரியாமல் வேட்பாளர்கள் இருவரும் கால்போன போக்கில் வந்தார்கள். இருபது வீடு உள்ள ஊரிலெல்லாம் இறங்கிப் பாலாடைக்கட்டி தின்றார்கள். ஒருவரை ஒருவர் நெடுஞ்சாலையில் கடந்துபோய்க் கையசைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கைகழுவின. டமிக்கா மட்டும் தினம் ஒரு தடவை கூப்பிட்டாள், கணிப்புக்காக அல்ல, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க. நிலையத்தின் போனிலிருந்து கேட்டால் நிஜக் கேள்வியாகிவிடுமோ என்று பயந்து, வெளியே போய் நின்று தன் சொந்தப் போனில் பேசினாள்.

அம்மா நன்றாக இல்லை. ஆட்கள் வருவது நின்றதே தவிர, அவள் திரும்பி வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். நிலையங்கள் ஓய்ந்தபின் நார்பர்ட் கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒருமுறை வீட்டு எண்ணுக்கே போட்டு, "லவோன், நான்தான்" என்றபோது, "யாருங்க வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டாள். தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவன் டமிக்காவிடம் கேட்டான். "நீங்க எல்லாரோட பதிலையும் எழுதி வச்சிருக்கீங்கல்ல? அதுல எங்கயாவது இவளும் இருப்பா. அறுபத்தேழு வயசு, செயின்ட் ரெமி. அதை மட்டும் எடுத்து அவளுக்குப் படிச்சுக் காட்டு. நான் கேக்க மாட்டேன், தோட்டத்துல போய் நிக்கறேன்." டமிக்கா இரண்டு நாள் தேடினாள். மற்ற நிலையங்களில் தெரிந்தவர்களையும் தேடச் சொன்னாள். சனிக்கிழமை கூப்பிட்டபோது அவள் குரலே சரியாக இல்லை. "சார், எல்லா இடத்தையும் சேத்து ரெண்டாயிரத்து எழுநூத்திச் சொச்சம் பேரு. ஒவ்வொரு பின்கோடா பாத்துட்டேன். உங்க வீட்டம்மா அதுல இல்ல சார். மாநிலத்துல எல்லாரையும் கேட்டிருக்கோம், அவங்களை மட்டும் ஒரு தடவகூடக் கேக்கல."

"அப்ப நானே கேக்கறேன்" என்றான் நார்பர்ட். எப்படிச் செய்ய வேண்டும் என்று டமிக்கா சொல்லிக்கொடுத்தாள். கேள்விகளை அவன் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். வீட்டு எண்ணைப் போடக் கூடாது, எண் தானாக விழ வேண்டும், இல்லாவிட்டால் அது கணிப்பு ஆகாது. ஒரு கேள்வியையும் தாண்டக் கூடாது. வருகிறவர் யாரானாலும் மரியாதையாக முழுதும் கேட்க வேண்டும். "முப்பது லட்சத்துல ஒருத்தங்க சார். கெடைக்கலன்னா மனசு உடைஞ்சிடாதீங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிறு, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. நார்பர்ட் பத்தொன்பது நாளைக்குப் பிறகு தெருவில் இறங்கினான். தேவாலயத்திலிருந்து பிங்கோ ஆட்டத்துக்கு உருட்டுகிற கம்பிக்கூண்டை வாங்கிக்கொண்டு, நேராக ஆர்வில் கடைக்குப் போனான். ஒன்று முதல் பத்து வரை பந்துகளை மட்டும் கூண்டில் விட்டான், பத்தாவது பந்து பூஜ்யம். உள்ளே ஐம்பது பேர் தொலைக்காட்சியில் எங்கள் மாநிலத்துக் கால்பந்து அணியான பாக்கர்ஸின் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆர்வில், சத்தத்தை நிறுத்தணும்" என்றான். பாக்கர்ஸ் ஆட்டத்தின் சத்தத்தை நிறுத்தச் சொல்லி அந்தக் கடையில் யாரும் அதுவரை கேட்டதில்லை, கேட்டுவிட்டு நடந்து வெளியே போயிருக்கவும் முடியாது. ஆர்வில் அவன் முகத்தைப் பார்த்தான். தொலைக்காட்சியை ஊமையாக்கிவிட்டு, போனை எடுத்து அவன் முன்னால் வைத்தான். "நான் சுத்தறேன், நீ பேசு" என்று கூண்டின் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டான்.

ஏழு பந்து விழுந்தது, அந்த ஏழு இலக்கத்தையும் சேர்த்துப் போட்டார்கள். எங்கேயோ ஒரு ஊரின் எண். எதிர்த் தெருவில் மசார் வீட்டுப் போன் அடிப்பது கடைக்குள் கேட்டது. நார்பர்ட் தாளைப் பார்த்து வாசித்தான். "வணக்கம்ங்க. நான் செயின்ட் ரெமியில இருந்து பேசறேன். இப்ப வீட்டுல இருக்கறவங்கள்ல அடுத்ததா யாருக்குப் பொறந்தநாள் வருதுங்க?" வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். வந்தது கிரீன் பேயில் முப்பத்தெட்டு வயது தச்சன். கேட்டு எழுதிக்கொண்டு நன்றி சொன்னான். அடுத்தது ஜேன்ஸ்வில்லில் ஒரு பாட்டு வாத்தியார். அடுத்தது யாரென்று சொல்லவே தயங்கிய ஒருவர். ஒரு தடவை லா கிராஸ் வண்டி ஓட்டுநர் மறுபடி வந்தான், முழங்கால் எப்படி இருக்கிறது என்று நார்பர்ட் கேள்வித்தாளில் இல்லாததைக் கேட்டான், பரவாயில்லை என்றான் அவன். இடைவேளை வந்தது, போனது. ஆட்டம் பார்க்கிறவர்கள் பந்தைவிடக் கூண்டையே அதிகம் பார்த்தார்கள். நார்பர்ட்டின் தொண்டை கட்டிக்கொண்டது. ஆர்வில் அவனுக்குச் சூடாகக் குழம்பு ஊற்றி வைத்தான், அது ஆறிப்போனது. முப்பத்தெட்டுப் பேர் ஆகியிருந்தது.

முப்பத்தொன்பதாவது அழைப்பில் வழக்கம்போல் வயதைக் கேட்டான். "அறுபத்தெட்டு. போன பன்னண்டாம் தேதியோட" என்றது குரல். நார்பர்ட் பேனாவை இறுக்கிப் பிடித்தான். தாண்டக் கூடாது என்று டமிக்கா சொல்லியிருந்தாள். தொழில் என்ன என்று கேட்டான். "மாடு வச்சிருந்தோம். இப்ப இல்ல" என்றாள். நாடு சரியான திசையில் போகிறதா என்று கேட்டான். "அதென்ன கேள்வி, பாதி சரி, பாதி இல்ல" என்றாள். கடைசிக் கேள்விக்கு வந்தான். "ஜனாதிபதி தேர்தல் இன்னிக்கே நடந்தா, நீங்க யாருக்கு ஓட்டு போடுவீங்க?"

லவோன் சொன்னாள். "நார்பர்ட் மசார். நாப்பத்து மூணு வருஷமா கேக்காததை இப்ப ஆர்வில் கடையில உக்காந்துட்டு, ஊரையே கூட்டி வச்சிட்டுக் கேக்கறியா? வெக்கமா இல்ல உனக்கு? அது திரைக்கு உள்ள. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான் நார்பர்ட்.

"அப்புறம் என்ன கேள்வி? வரும்போது ஈஸ்ட் வாங்கிட்டு வா, வீட்டுல ஒரு பொட்டு இல்ல. இந்தச் சமையலறையை இப்படிப் போட்டு வச்சிருக்கியே" என்று சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவன் பேசி முடிப்பதற்குள் போனை வைத்தாள்.

நார்பர்ட் தாளில் அவளுக்கான வரிசையில், 'பதில் சொல்ல மறுத்தார்' என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து ஒரு குறி போட்டான். பிறகு கவுண்டரில் தலையைச் சாய்த்து அழுதான். எல்லோரும் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார்கள், ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை. ஆர்வில் எங்கிருந்தோ ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவன் சட்டைப்பையில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை இருவரும் ஊர் மன்றத்துக்குப் போய், அடுத்தடுத்த திரைகளுக்குள் நுழைந்து, வெளியே வந்து, உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டியேறினார்கள். மாநிலம் மயிரிழையில் ஒரு பக்கம் சாய்ந்தது. நார்பர்ட்டின் தாளில் இந்தப் பக்கம் பத்தொன்பது, அந்தப் பக்கம் பத்தொன்பது, மறுத்தவர் ஒருவர். அந்த ஆண்டு செய்த கணிப்புகளிலேயே முடிவுக்கு மிக நெருக்கமானது அதுதான் என்று டாக்டர் ஃபெராண்ட் ஒரு கூட்டத்தில் பேசினாராம். பேசிவிட்டு, எதற்காக அந்தப் பேச்சைப் பேசினோம் என்று அவருக்கே குழப்பமாகிவிட்டதாம்.

நான்கு வருடம் கழித்து ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் பச்சைப் போன் மறுபடி அடித்தது. நார்பர்ட் எடுக்கப் போனான். லவோன் மாவுக் கையோடு தடுத்தாள். "விடு. பாவம், அவங்களுக்கும் வேற யாரு இருக்கா கேக்கறதுக்கு? அந்த முழங்கால் பையன் எப்படி இருக்கானோ" என்றாள். இப்போது அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து நான்கு மணி வரை மாநிலம் பேசிக்கொள்ளலாம். நான்கு மணிக்கு நார்பர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆர்வில் கடைக்கு நடக்கிறான். கூண்டு இப்போது அங்கேயே இருக்கிறது, பிங்கோவுக்குத் தேவாலயம் வேறு வாங்கிவிட்டது. பந்தை உருட்டி, எண்ணைப் போட்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராக மரியாதையாகக் கேட்டு அனுப்பிவிட்டு, கடைசிக் கேள்விக்கு யார் பதில் சொல்ல மறுக்கிறாளோ அவளுக்கு வேண்டிய சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பெரும்பாலும் நான்காவது அழைப்பிலேயே வந்துவிடுகிறாள்.